நாய், கோவில், பால்கோவா

வெளியுறவுப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். உடனே சரி என்றுவிட்டேன். ஓய்வு பெற்றவர்களிடம் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். இதை உங்கள் முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த நாட்டுக் கொடி எந்தப் பக்கம், யாரை முதலில் உட்காரவைப்பது, ஒப்பந்தத்தில் எந்தப் பேனா என்பதெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. நான் சொல்லப்போவது ஒரு நாயைப் பற்றி. சிரிக்க வேண்டாம். என் பணிக்காலத்தில் நான் பார்த்த பல தலைவர்களை மறந்துவிட்டேன், அந்த நாய் நினைவிருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் பிறந்தவள். அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். மில் சங்கு ஊதினால் எழுந்து, அடுத்த சங்குக்குப் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தேன். பரீட்சை எழுதி வெளியுறவுப் பணி கிடைத்தபோது தெருவே கூடி அம்மாவிடம் விசாரித்தது. "ஏட்டி, வெளிநாட்டு வேலைன்னா என்ன வேல? அங்க போயி என்னத்த செய்வ?" என்று அம்மா என்னைக் கேட்டாள். "பேசணும்மா" என்றேன். "அதுக்குச் சம்பளமா!" என்றாள். அம்மாவின் சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. எனக்கும்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பாலைவன நாட்டில் எனக்கு முதல் பணி. பெயர் வேண்டாம். இப்போதும் அவர்கள் நம்மோடு நட்பாகத்தான் இருக்கிறார்கள், நான் ஏன் கெடுப்பானேன். அங்கே விருந்துகளில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் "உங்கள் கணவர், அந்தத் தூதரக அதிகாரி, எங்கே?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் விளக்கம் சொன்னேன். பிறகு அலுத்துப்போய், வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிற ஆளைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவரவர் பிழைத்துக்கொண்டார்கள். அந்த நாட்டு மொழியை மட்டும் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டேன். என்னைப் பற்றி என் எதிரிலேயே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் டெல்லியில் அதே நாட்டுக்கான பிரிவில் இருந்தேன். அந்த நாட்டு வெளியுறவு அமைச்சர் இந்தியா வந்தார். இனி அவரை விருந்தாளி என்றே சொல்கிறேன். வயதானவர், வேட்டைப் பிரியர், வீடு நிறைய நாய். டெல்லிப் பேச்சுவார்த்தை முடிந்ததும், ராஜபாளையம் என்று ஓர் ஊர் இருக்கிறதாமே, அங்கே வெள்ளை நாய் உண்டாமே, அதை அதன் ஊரிலேயே பார்க்க வேண்டும் என்றார். அமைச்சகத்தில் எல்லோரும் வரைபடத்தைத் தேடினார்கள். நான் கையைத் தூக்கினேன்.

அந்த விருந்தாளியின் நாட்டுச் சிறையில் நம்மூர்க்காரர் ஒருவர் இருந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் முத்துராசு. கூமாப்பட்டிக்காரர், லாரி ஓட்டப் போனவர். ஊரில் மனைவி பேச்சியம்மாள், ஒரு பெண் குழந்தை. குழந்தை மடியில் இருக்கும்போது இவர் கிளம்பிப் போயிருக்கிறார். அது வளர்ந்து, எங்கப்பா எப்படி இருப்பாரு என்று கேட்க ஆரம்பித்தது. வீட்டில் காட்ட ஒரு படம் கிடையாது. ஊருக்கு வந்துபோன ஓர் ஆளிடம், ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டிருக்கிறாள். முத்துராசும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கூட்டாளியின் கேமரா முன்னால் போய் நின்றார். பின்னால் இருந்தது ராணுவ முகாம். கூட்டாளி கேமராவைப் போட்டுவிட்டு ஓடித் தப்பினார். இவரை உளவாளி என்று பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

விசாரணையும் இல்லை, விடுதலையும் இல்லை. நாங்கள் கேட்டால் பார்க்கிறோம் என்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வேறோர் இந்தியக் கைதிக்காக எங்கள் அதிகாரி ஒருவர் விருந்து மேசையில் பேச்செடுத்தார். அவர்களுக்கு முகம் சுருங்கிப்போய், அந்தக் கைதியைக் கண்காணாத சிறைக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் என் மேலதிகாரி கிளம்பும்போதே என்னைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "இந்தப் பயணத்தில் மூன்றே விஷயம். நாய், கோவில், பால்கோவா. நாலாவதாக எதையும் பேசக் கூடாது." அவர் நல்ல மனிதர். சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

மதுரையிலிருந்து கார்களில் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர். விருந்தாளி கோபுரத்தை அண்ணாந்து பார்த்துத் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். பால்கோவாவைச் சூடாக வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கினார். என் மேலதிகாரி முகத்தில் முதல் தடவையாக ஒரு திருப்தி தெரிந்தது. மூன்றில் இரண்டு முடிந்துவிட்டது.

கார் ஏறப்போகும்போது மாடவீதி ஓரத்தில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அம்மா சொல்லிவிட்டிருப்பாள், வேறு யார். பேச்சியம்மாள் அடிக்கடி ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, உங்க மக டெல்லியிலதான இருக்காக, கேட்டுச் சொல்லுங்க என்று அம்மாவிடம் அழுதுவிட்டுப் போகிறவள். இப்போது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவியதானம்மா அந்த ஊரு மந்திரி?"

"ஆமா. ஆனா இன்னிக்கி எதுவும் கேக்க முடியாது பேச்சியம்மா. கேட்டா உங்க வீட்டுக்காரருக்குத்தான் கெடுதல். நாங்க வேற வழியில பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"பாருங்க. நானா வேண்டாங்கேன்? நீங்க கேக்க வேண்டாம்மா. நான் சும்மா நின்னுக்கிடுதேன். அவிய கண்ணுல பட்டுட்டுப் போறேன்."

"போலீஸ்காரங்க விட மாட்டாங்க."

"எங்க அண்ணனே போலீஸ்லதான் இருக்கு. வெரட்டுனா எம்புட்டுத் தூரம் போகணும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பக்கத்தில் மேலதிகாரி, "யார் அது?" என்றார். "ஊர்க்காரி" என்றேன்.

ராஜபாளையத்தில் ஒரு மில்லின் விருந்தினர் மாளிகையில் ஏற்பாடு. நாய் தரப்போகிறவர் அப்பாவின் சிநேகிதர், ராஜு மாமா. மாந்தோப்பு, வயல், வாயைத் திறந்தால் சண்டை என்று வசதியாக வாழ்ந்தவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். என்னை அம்மாயி, தெலுங்கில் பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார். அவர் வளர்க்கும் நாய்களுக்கு ஜில்லா முழுக்கப் பேர். அப்பழுக்கில்லாத வெள்ளையில் ஒன்று வேண்டும் என்று டெல்லியிலிருந்து கேட்டிருந்தார்கள். அப்படியே கொண்டுவந்திருந்தார். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, தங்கம் போலக் கண். பாதி வளர்ந்த குட்டி, ஆனால் நிற்கும் தோரணையில் எங்கள் எல்லோரையும்விட மேலான பதவியில் இருப்பதுபோல் இருந்தது.

விருந்தாளி உள்ளே கைகழுவிக்கொண்டிருந்தார். நான் ராஜு மாமாவிடம், "பேர் என்ன மாமா?" என்று கேட்டேன்.

"பேரு வைக்கல."

எனக்குச் சுருக்கென்றது. அவர் தோப்பில் பேர் இல்லாத நாய் கிடையாது. கோழிக்கே பேர் வைக்கிற மனிதர். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு பஞ்சு லாரி காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போலீஸ்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாய் திரும்பவில்லை.

"மாமா, இதுக்குக் காது கேக்குமா?"

"காது எதுக்கு அம்மாயி? கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு. இம்புட்டு வெள்ளையில பொறந்தா பாதி அப்படித்தான். உனக்குத் தெரியாததா? இந்த ஊர்லதான பொறந்த?"

"வேற ஒண்ணு குடுங்க மாமா. செத்த நேரம் நான் சமாளிக்கேன். தோப்புல இருந்து கொண்டாந்துருங்க."

"வேற ஒண்ணா!" ராஜு மாமாவுக்கு மூக்கு விடைத்துவிட்டது. "அந்த மனுசன் கடல் தாண்டி நம்ம வாசலுக்கு வந்திருக்காரு. ரெண்டாந்தரத்தக் குடுத்து அனுப்பச் சொல்லுதியா? எங்க வம்சத்துல எவனும் அப்படிக் குடுத்ததில்ல. நீ டெல்லிக்குப் போயி ரொம்பக் கெட்டுப்போய்ட்ட."

எங்கள் ஊரை இதற்குமேல் உங்களுக்கு விளக்க முடியாது. இருப்பதில் உயர்ந்ததைத்தான் விருந்தாளிக்குத் தர வேண்டும். உயர்ந்ததற்குக் காது கேட்காது. அதில் அவருக்கு ஒரு முரண்பாடும் தெரியவில்லை.

விருந்தாளி வந்துவிட்டார். நாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அங்கியைக் கூட்டிப் பிடித்துக் குந்தி உட்கார்ந்தார். நாவால் சொடுக்கினார். நாய் வாசலில் ஒரு காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையைத் தட்டினார். காக்கை பறந்தது. நாய் பறந்த திசையைப் பார்த்தது.

"கூச்ச சுபாவம்" என்றார் என் மேலதிகாரி ஆங்கிலத்தில்.

"புது ஆளில்லையா, அதான்" என்றார் மில் முதலாளி. பிறகு ஏதோ உதித்தவர்போல, "இது தெலுங்கு பேசுற வீட்டு நாய். தெலுங்குல கூப்பிடணும்" என்றார். அதை நான் மொழிபெயர்த்தேன். என் வேலை அது. விருந்தாளி ஆர்வமாக எப்படி என்று கேட்டார். வா வா என்பதற்கு "ரா ரா" என்று மில் முதலாளி சொல்லிக்கொடுத்தார். ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சர் எங்கள் ஊரில் குந்தி உட்கார்ந்து "ரா ரா" என்றார். அவருடைய செயலாளரும் சேர்ந்து "ரா ரா" என்றார். பாதுகாப்புக்கு வந்திருந்த காவல் அதிகாரி பொறுக்க முடியாமல் விசிலே அடித்தார். நாய் கொட்டாவி விட்டது.

அந்த இடைவெளியில் நான் யோசித்ததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் உங்களிடம் பேச வந்தேன். சும்மா இருந்தால் அந்தப் பொழுது கழிந்துவிடும். நாய் விமானம் ஏறிவிடும். எல்லோரும் கை குலுக்கிக்கொள்வோம். ஊர் போன சில நாளில் அவருக்குத் தெரிந்துவிடும். இந்தியாக்காரர்கள் செவிட்டு நாயைத் தலையில் கட்டிவிட்டார்கள், மொத்தக் கூட்டமும் தெரிந்தே சிரித்துக்கொண்டு நின்றது என்று நினைப்பார். அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவார்? ராஜு மாமா மேலா? என் மேலதிகாரி மேலா? அவர் கைக்கெட்டும் இடத்தில் பூட்டிக் கிடந்தவர் முத்துராசு.

இப்போதே சொன்னால்? விருந்தாளி எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுவார். அதுவும் முத்துராசு தலையில்தான் விடியும். இரண்டு பக்கமும் அடிதான். ஒரு பக்கத்து அடி நம் எதிரில் விழும், மற்றது நாம் இல்லாத இடத்தில் விழும். எதிரில் விழுந்தால் குறுக்கே போய் நிற்கலாம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம் அதுதான்.

"ஐயா, நாய்க்குக் காது கேட்காது" என்றேன் அவருடைய மொழியில்.

அவருடைய செயலாளர் விருட்டென்று நிமிர்ந்தார். "எங்கள் அமைச்சருக்கு ஊனமான பிராணியைப் பரிசளிக்கிறீர்களா?" என்றார். என் மேலதிகாரிக்கு மொழி தெரியாது, ஆனால் தொனி தெரிந்தது. முகம் நாயைவிட வெளுத்தது. விருந்தாளி எழுந்திருக்கவில்லை. குந்திய நிலையிலேயே ராஜு மாமாவைப் பார்த்து, "இவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றார் ராஜு மாமா.

"ஏன் சொல்லவில்லை?"

"வெள்ள கேட்டாக, வெள்ள குடுத்தேன். காது கேட்டாகளா?" ராஜு மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அவர்ட்டச் சொல்லு அம்மாயி. இதவிட ஒசத்தி என்கிட்ட இல்ல. இருந்தா அதத்தான் குடுத்திருப்பேன். கால வச்சு ஒரு தட்டுத் தட்டச் சொல்லு."

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். விருந்தாளி எழுந்து நின்று, காலைத் தரையில் ஓங்கித் தட்டினார். நாய் சட்டென்று திரும்பியது. நேராக அவர் கண்ணைப் பார்த்தது. பிறகு பார்வையை எடுக்கவே இல்லை.

விருந்தாளி குனிந்து அதன் தலையில் கை வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, கோபமா கேலியா என்று தெரியாத குரலில் கேட்டார்:

"இந்த ஊரில் எனக்குச் சொல்லாமல் வைத்திருப்பது வேறு ஏதாவது உண்டா?"

பிள்ளைகளே, இப்படி ஒரு கேள்வி உங்களுக்கும் எப்போதாவது வரும். வரும்போது மேலதிகாரி பக்கத்தில் நிற்பார், அவர் சொன்ன நாய், கோவில், பால்கோவா எல்லாம் காதில் ஒலிக்கும். ஒருவர் நம்மை நம்பத் தொடங்கும் நேரம் பால்கோவா மாதிரி, சூட்டோடு கொடுக்க வேண்டும். நாளைக்கு என்று மூடி வைத்தால் புளித்துவிடும்.

"உண்டு" என்றேன். "வாசலில் நிற்கிறாள்."

நின்றாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கார்கள் கிளம்பியதும் பஸ் ஏறி வந்து, போலீஸார் விரட்டிய தூரத்துக்குச் சரியாக ஓர் அடி தள்ளி, புளியமரத்தடியில் மகளோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கூட்டிவந்தார்கள். நடந்ததை நான் சுருக்கமாகச் சொன்னேன். விருந்தாளியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ராணுவ முகாமுக்கு முன்னால் போய் ஏன் நின்றான்? கேள்" என்றார்.

பேச்சியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தே பேசினாள்.

"அந்த ஊர்ல அங்கதான்யா ஒரு மரம் இருந்துச்சாம். போட்டோ புடிச்ச ஆளு வந்து சொன்னாரு. சுத்தி வெறும் மண்ணாத் தெரிஞ்சா நான் வெசனப்படுவேன்னு, பச்சையா இருக்கட்டும்னு மரத்தடியில போயி நின்னுருக்காக. முகாமெல்லாம் அவிய பாக்கல. மரத்தத்தான் பாத்தாக." அதுவரை உறுதியாக இருந்த குரல் அங்கே உடைந்தது. "போட்டோ கேட்டது நானு. தப்பு என் பேர்ல. வேணும்னா என்னையக் கூட்டிட்டுப் போயி வச்சுக்கிடுங்க. அவியள விட்ருங்கய்யா. இந்தப் புள்ள அப்பா மொகத்தப் பாக்கட்டும்."

இதை மொழிபெயர்க்கும்போது என் குரல் நடுங்கியது. நடுங்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதை என்னிடம் சொல்லாதீர்கள்.

விருந்தாளி, "அந்த மரம் எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நாயின் கயிற்றைத் தானே கையில் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார்.

மதுரைக்குப் போகும் வழியெல்லாம் என் மேலதிகாரி என்னோடு பேசவில்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது மட்டும், "நாலாவது" என்றார். டெல்லி போனதும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. விளக்கம் எழுதினேன். திருப்தியில்லை என்று திரும்பி வந்தது. அடுத்த பதவி உயர்வு எனக்குப் பிந்தியவருக்குப் போனது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று யாரும் எழுதிக்கொள்ளாதீர்கள். இன்னொரு நாட்டில் இதே மாதிரி உண்மையைச் சொன்னதற்கு என்னை நாட்டைவிட்டே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். பெட்டி கட்டவும் நேரம் கொடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் முத்துராசு ஊர் வந்து சேர்ந்தார். காரணம் எதுவும் எழுதித் தரவில்லை. சிறை அதிகாரி மட்டும் கதவைத் திறக்கும்போது, "அமைச்சர் வீட்டு நாய் நலமாக இருக்கிறது என்று உன் ஊரில் சொல்" என்று சொன்னாராம். வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். விடுமுறையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது பேச்சியம்மாளோடு வீட்டுக்கு வந்தார். நான் முழுக் கதையையும் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டார்.

"ஒரு நாய்க்குக் காது கேக்கலன்னு என்னைய விட்டாகன்னு சொன்னா, ஊர்ல எவன் நம்புவான்?" என்றார்.

"நம்ப வேண்டாம்" என்றாள் பேச்சியம்மாள். "ஆளு வந்தாச்சில்ல."

அதன் பிறகு நான் தூதரானேன். பணியிலிருந்து விலகித் தேர்தலில் நின்றேன், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வெளியுறவு அமைச்சரும் ஆனேன். அந்தக் காலத்து ஆட்சிகள் உங்களுக்குத் தெரியும். என்னை அமைச்சராக்கிய ஆட்சி ஒரு மாம்பழ சீசனைப் பார்த்தது, அடுத்ததைப் பார்க்கவில்லை. அந்தக் கொஞ்ச காலத்தில் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். அதே வீதி, இந்த முறை கொடி கட்டிய கார் எனக்கு. கோவில் முடித்து வெளியே வந்தால் கூட்டத்தில் முத்துராசு, பேச்சியம்மாள், கல்லூரிக்குப் போகிற வயதில் அந்தப் பெண்.

பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். முத்துராசு மெல்ல நழுவிக் கூட்டத்துக்குள் போனார். பேச்சியம்மாள் எட்டிக் கையைப் பிடித்தாள்.

"எங்க போறிய?"

"எல்லாம் சரிதான். போட்டோ மட்டும் வேண்டாம்."

"வந்த நாள்லேருந்து இதான்மா" என்று பேச்சியம்மாள் என்னிடம் திரும்பினாள். "ஒரு கல்யாண வீட்டுல நின்னது கெடையாது. ரேசன் கார்டுக்குக்கூட மல்லுக்கட்டித்தான் புடிச்சோம். நான் கேட்ட போட்டோ இன்னிக்கி வர எனக்கு வரலம்மா."

நான் அமைச்சர்தான். ஆனாலும் அந்த மனிதரை நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். அந்தப் பெண்தான் போய், ஒன்றும் பேசாமல் அப்பாவின் மறு கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முத்துராசு வந்தார். எனக்கும் பேச்சியம்மாளுக்கும் நடுவில் நின்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பி, தனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அவசரமில்லாமல் பார்த்தார். பால்கோவாக் கடை ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வேப்பமரம்.

"எடுங்க" என்றார்.